ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு

பூமியை வென்று ஆண்டவர்களின் சரிதங்கள் பல நம் பாடப்புத்தகங்களில் உள்ளன. பூமியிடம் பட்ட கடனைத் தீர்க்க வழிகாட்டியவர்களின் சரிதங்களோ மிகச் சில. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு. ஆங்கில நாட்டிலே பிறந்து, இந்திய நாட்டிலே இருபத்தாறு ஆண்டுகள் உழைத்து, இந்நாட்டு உழவரையே தமக்கு ஆசிரியராகக் கொண்டு, அவர்களிடம் கற்றதை உலகத்துக்கு எடுத்துரைத்த பேரறிஞர் அவர். கோவில்பட்டிக்கும் ஓட்டப்பிடாரத்திற்கும் இடையே பசுவந்தனையைச் சூழ்ந்து கிடக்கும் கரிசல் நிலத்தை அறிந்த எவரும் அன்னாருடைய வரலாற்றைத் தம் ஊர் வரலாறாகவே படிக்கலாம். ஏனெனில் அவர் தம் பெருஞ்செயலை நிகழ்த்திய இடமும் பருத்தி விளையும் கரிசல் பூமியே.

ஆல்பர்ட் ஹோவர்டு 1873-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் மேற்கெல்லையிலுள்ள ஷ்ரோப்ஷயர் என்னும் நாட்டுப்புறத்தில், பிஷப்ஸ் காஸில் என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடியில் தோன்றினார். மாடும் ஆடும் எருக்குவியலும் அவருடைய இளமைத் தோழர்கள். லண்டன் மாநகரத்து அறிவியல் கல்லூரியிலும் பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலும் பயின்று உயர்ந்த தேர்ச்சி பெற்றார். 1899-ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, கரும்பு முதலிய பயிர்களைத் தாக்கும் காளான் நோய்களை ஆராயும் உத்தியோகத்தில் அமர்ந்தார்.

அங்கேதான் அவர் உள்ளத்தில் ஒரு குறை தோன்றியது. நுண்பெருக்கியின் முன் அமர்ந்து நோயை ஆராய்ந்து மருந்தும் கூறுகிறோம். ஆயினும் நமக்கென்று ஒரு காணி நிலம் இல்லை. நாம் கூறும் மருந்தை நாமே நம் பயிரில் இட்டுப் பார்த்ததில்லை. இத்தகைய அறிவு உழவனுக்கு எங்ஙனம் பயன்படும் என்று அவர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். இவ்வினா பின்னர் அவர் வாழ்நாள் முழுவதையும் நடத்திச் சென்றது. 1903-ஆம் ஆண்டில் இங்கிலாந்திற்குத் திரும்பி, வை என்னும் ஊரிலிருந்த விவசாயக் கல்லூரியில் இரண்டாண்டுகள் பணிபுரிந்தபின், 1905-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் தாவர நூலறிஞராக நியமனம் பெற்றுப் பீஹார்ப் பகுதியிலுள்ள பூசா என்னும் ஊரை அடைந்தார். அதே ஆண்டில் கேப்ரியேல் மத்தாய் என்னும் அம்மையாரைப் பம்பாயில் மணம்புரிந்தார். அவ்வம்மையாரும் கேம்பிரிட்ஜில் தாவர நூலாராய்ச்சியிற் சிறந்து விளங்கியவர். இல்லறத்திலும் ஆராய்ச்சியிலும் இருவரும் ஒரு நுகத்தில் பூட்டிய இரு காளைகள்போல உழைத்தனர். 1913-ஆம் ஆண்டில் அம்மையாரும் அரசாங்கத்தின் தாவர நூலறிஞர் பதவியில் அமர்த்தப் பெற்றார்.

பூசாவில் ஹோவர்டு முதலில் கேட்டுப் பெற்றது நிலமே. அந்நிலத்தில் கோதுமை, புகையிலை முதலியவற்றைத் தம் மேற்பார்வையிலேயே பயிரிட்டார். இவ்விருவரும் தேர்ந்தெடுத்தும் கலந்தும் உண்டாக்கிய பூசா கோதுமை வகைகள் வட இந்தியாவில் பரவி நற்பெயர் பெற்றன. நல்ல விதையைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற ஒருவர் அத்துடன் அமைந்திருக்கலாம். ஹோவர்டோ, எத்துணை நல்ல விதையாயினும் அது விழும் மண் வளமிழந்திருப்பின் பயனென்ன என்று ஆராயத் தலைப்பட்டார். பூசாவைச் சூழ்ந்த கிராமங்களிலே, சீமை மருந்தும் சீமை உரமும் அறியாத குடியானவர்களின் பயிர்கள் பெரும்பாலும் நோயின்றித் தழைத்திருக்கக் கண்டார். அதன் காரணத்தை அறிய விரும்பி, அவ்வுழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தமக்குப் பேராசிரியராக வரித்துக்கொண்டார். பயிர் நலமாயிருக்கும் வழியை உழவர் கற்பித்தனர். பயிர் நலங்கெட்ட இடத்தைப் பூச்சிகள் சுட்டிக் காட்டின.

அவர் உழவரிடம் கற்றவற்றுள் ஒன்று கலப்புப் பயிர். கோதுமையோடு கடலையும், தினை வகைகளோடு துவரையும் சேர்த்து விதைக்கும் வழக்கத்தை அவர் அங்கே கண்டார். நம் கரிசற்காட்டிலும் பருத்தியோடு உளுந்தும், சோளத்தோடு பாசிப்பயறும் துவரையும் விதைத்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். இதன் உட்பொருளை விளங்கிக்கொள்ள நாம் சற்றே தாவர நூலுக்குள் நுழைதல் வேண்டும்.

செடி கொடிகளின் உடல் பெரும்பாலும் காற்றினாலும் நீரினாலும் ஆனது. ஆயினும் இலையின் பசுமைக்கும் விதையின் புரதத்துக்கும் உயிரணுவின் உட்கருவுக்கும் இன்றியமையாத பொருள் ஒன்றுண்டு. அதுவே நைட்ரஜன், நம் உழவர் அதனைத் தழைச்சத்து என்பர். இச்சத்துக் குறைந்த பயிரில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். முதிர்ந்த இலைகள் தம்மிடமுள்ள சத்தைத் தளிர்களுக்கு அனுப்பிவிட்டுத் தாம் வெளுத்து உதிர்வதே அதன் காரணம். நாம் சுவாசிக்கும் காற்றில் 100 பங்கிற்கு 78 பங்கு நைட்ரஜனே நிறைந்துள்ளது. எனினும் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுகப் பிணைந்திருத்தலின், செடிகளால் அதனை நேரே உண்ண இயலாது. கடல் நடுவே நாவறண்டு நிற்கும் மாலுமியைப்போல, பயிரும் நைட்ரஜன் கடலில் மூழ்கி நின்றும் பசித்து வாடுகிறது.

இப்பசியைத் தீர்ப்பவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். உளுந்து, பயறு, துவரை, கடலை முதலிய செடிகளின் வேர்களிலே சிறு முடிச்சுகள் காணப்படும். அவற்றுள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றிச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. இவ்வுண்மையை ஹெல்ரீகல், வில்பார்த் என்ற ஜெர்மானிய அறிஞர் இருவர் 1886-ஆம் ஆண்டை ஒட்டி நிறுவினர். நம் முன்னோர் காரணம் அறியாமலே கைக்கொண்ட பயனைப் பின்வந்தோர் காரணத்தோடு கண்டனர். இனி, சாணமும் தழையும் மண்ணில் மக்கும்போது, வேறு வகை நுண்ணுயிர்கள் அவற்றிலுள்ள புரதத்தைச் சிதைத்து முதலில் அம்மோனியாவாகவும், பின்னர் நைட்ரேட்டு என்னும் உப்பாகவும் மாற்றுகின்றன. அவ்வுப்பு நீரிற் கரைந்து வேர்வழியே பயிருக்குள் ஏறுகிறது. ஆகவே எரு இடுதல் என்பது மண்ணிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களுக்குப் பந்தியிட்டு, அவற்றின் வழியே பயிருக்குப் பரிமாறுதலாம். ஏர் ஓட்டுதலைக் காட்டிலும் எரு இடுதலே மேலானதென்று நம் வள்ளுவர் பெருமான் கருதியதன் நுட்பம் இங்கே விளங்கும்.

பூசாவில் மண்ணை ஆராய்பவர் ஒருவர், பூச்சியை ஆராய்பவர் ஒருவர், பயிரை ஆராய்பவர் ஒருவர் எனத் துறைகள் தனித்தனியே பிரிந்திருந்தன. மண்ணும் பயிரும் மாடும் மனிதனும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று கருதிய ஹோவர்டுக்கு இப்பிரிவு பொருந்தவில்லை. பயிரை முழுதாக ஆராய்வதற்கு ஒரு தனி நிலையம் வேண்டுமென்று வாதாடி, இந்திய மத்தியப் பருத்திக் குழுவின் பொருளுதவியையும் இந்தூர் சமஸ்தானத்தின் நிலவுதவியையும் பெற்று, 1924-ஆம் ஆண்டில் இந்தூரில் தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி அதன் தலைவரானார். அங்கே சுமார் 300 ஏக்கர் கரிசல் நிலம் அவர் கைக்கு வந்தது. மழைக்காலத்தில் சேறாய்ப் பிசைந்து, கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும் அம்மண்ணின் இயல்பை நம் பகுதி மாணவருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதலில் நீர் தேங்காவண்ணம் வடிகால் அமைத்தார். நிலையத்தில் உழைத்த கூலியாட்களுக்குக் காலந்தவறாத ஊதியமும், அளவான வேலை நேரமும், நல்ல குடியிருப்பும் கிடைக்கச் செய்தார். மண்ணை மதித்தவர் மண்ணில் உழைப்பவரையும் மதித்தது வியப்பன்று.

கரிசல் மண்ணுக்கு வேண்டிய மக்கை எங்கிருந்து பெறுவது என்பதே அவர்முன் நின்ற பெரும் பிரச்சினை. சாணத்தின் பெரும்பகுதி எருவாட்டியாக அடுப்புக்குச் சென்றது. எருவாட்டியை எரிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் புகையோடு காற்றிற் கலந்து மறைகிறது. சாம்பல்சத்தும் மணிச்சத்துமே அடுப்பில் மிஞ்சுகின்றன. விறகில்லாக் குறையால்தான் இந்திய உழவன் சாணத்தை எரிக்கிறானேயன்றி அறியாமையால் அன்று என்பதை, ஹோவர்டுக்கு முன்னரே இந்நாட்டைச் சுற்றிப் பார்த்த வோல்க்கர் என்னும் ரசாயன அறிஞர் 1893-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் அறிக்கையில் எடுத்துக் காட்டியிருந்தார். கோமூத்திரமோ தொழுவத்துத் தரையில் ஊறி வீணாயிற்று. மாடு வெளியிடும் நைட்ரஜனில் ஏறத்தாழப் பாதியும் அதற்கு மேலும் அம்மூத்திரத்திலேயே உள்ளது. பருத்திமாரும் தட்டையும் எரிக்கப்பட்டன. ஆக, நிலத்திலிருந்து விளைச்சலாக வெளியேறிய செல்வம் நிலத்துக்குத் திரும்பும் வழிகள் யாவும் அடைபட்டிருந்தன.

சீன நாட்டு உழவர் நாற்பது நூற்றாண்டுகளாகக் கழிவுப் பொருள்களையெல்லாம் மக்கச் செய்து நிலத்துக்கு ஊட்டி வரும் திறத்தை, கிங் என்னும் அமெரிக்கர் 1911-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். அந்நூல் ஹோவர்டுக்கு வழித்துணையாயிற்று. யஷ்வந்த் வாட் என்னும் இந்திய ரசாயன அறிஞரின் துணைகொண்டு, பல ஆண்டுகள் சோதனை செய்து, கூட்டெரு செய்யும் ஒழுங்கான முறையொன்றை ஹோவர்டு வகுத்தார். அதுவே இந்தூர் முறை என இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

முப்பதடி நீளமும் பதினான்கடி அகலமும் இரண்டடி ஆழமுமுள்ள குழிகள் வெட்டப்பட்டன. கடினமான பருத்திமாரும் துவரைமாரும் முதலில் வண்டிப்பாதையில் பரப்பப்பட்டு, சக்கரங்களாலும் மாட்டுக் குளம்புகளாலும் நசுங்கின. பின்னர் அவை களைகள், தட்டைகள், சருகுகளோடு கலந்து மாடுகளுக்குப் படுக்கையாக இடப்பட்டன. அவ்வாறு சாணமும் மூத்திரமும் படிந்த கூளம் குழியில் அடுக்கடுக்காகப் பரப்பப்பட்டது. தொழுவத்துத் தரையில் மூத்திரம் ஊறிய மண்ணும், அடுப்புச் சாம்பலும், முன்னைய குழியில் மக்கிக்கொண்டிருந்த எருவில் ஒரு பங்கும் நீரிற் கரைத்து ஒவ்வோர் அடுக்கின்மேலும் தெளிக்கப்பட்டன. காற்றும் ஈரமும் அளவோடு இருக்குமாறு மூன்று முறை கிளறிவிடப்பட்டது. முதலில் காளான் இனங்களும் அடுத்து நுண்ணுயிர்களும் பெருகி, குவியலின் வெப்பம் 65 பாகை வரை ஏறும். மூன்று மாதங்களில் மணமற்றுக் கருத்துப் பொலபொலவென்று உதிரும் எரு ஆயத்தமாகும்.

இதன் உயிர்நிலையான உண்மை ஒன்றுண்டு. காய்ந்த தட்டையில் கரி மிகுதி, நைட்ரஜன் சொற்பம். அதனை அப்படியே நிலத்தில் மடக்கி உழுதால், அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எரு இட்டதாக எண்ணும் உழவனுடைய பயிர் மஞ்சளித்து நிற்கும். ஆகவே கரியும் நைட்ரஜனும் ஏறத்தாழ 33-க்கு 1 என்ற அளவில் இருக்குமாறு கூளத்தையும் சாணத்தையும் கலந்து, அது 10-க்கு 1 என்ற அளவை எட்டும்வரை குழியிலேயே மக்கவிட்டு, அதன்பின்னரே நிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்பது ஹோவர்டின் முடிபு. சமையல் அடுக்களையில் நடக்கவேண்டும், பந்தியில் நடக்கலாகாது. மானாவாரி நிலத்துக்கு இவ்வறிவுரை மும்மடங்கு பொருந்தும். ஏனெனில் மக்காத எரு மண்ணின் அரிய ஈரத்தையும் உறிஞ்சும், கறையானையும் வரவழைக்கும்.

இவ்வெற்றியின் நடுவே 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேப்ரியேல் அம்மையார் ஜினீவா நகரில் காலமானார். இருபத்தைந்தாண்டுத் துணையை இழந்த ஹோவர்டு மறுவாண்டு இந்திய உத்தியோகத்தினின்றும் விலகித் தாய்நாடு சென்றார். அவ்வாண்டிலேயே அவரும் வாட் அவர்களும் சேர்ந்து எழுதிய கூட்டெரு நூல் வெளிவந்தது. அம்மையாரின் தங்கையான லூயிஸ் அவர்களை மணந்து, எஞ்சிய நாட்களைத் தம் கொள்கையைப் பரப்புவதிலேயே செலவிட்டார். 1934-ஆம் ஆண்டில் ஸர் பட்டம் பெற்றார். 1935-ஆம் ஆண்டில் காந்தியடிகளின் ஹரிஜன் பத்திரிகை இந்தூர் முறையை நம் நாட்டு மக்களுக்கு எடுத்து விளக்கியது. 1940-ஆம் ஆண்டில் அவர் எழுதிய விவசாய மரண சாஸனம் போன்ற நூல், இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மூலநூலாயிற்று. 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், இந்தியா விடுதலை பெற்று இரு திங்கள் கழிந்தபின், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பெரியோரைப் போற்றுங்கால் அவர்தம் கூற்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்தலும் மாணவர் கடமையாகும். மக்கு நிறைந்த மண்ணில் விளைந்ததை உண்ட தம் காளைகள், நோயுற்ற அயலார் மாடுகளோடு வேலிமேல் மூக்குரசியும் கோமாரி நோய்க்கு ஆளாகவில்லை என்று அவர் கூறினார். அது அவர் கண்ட காட்சியேயன்றி, ஒப்புநோக்கிச் செய்த சோதனையின் முடிபன்று. இன்றைய கால்நடை மருத்துவம் தடுப்பூசியையே நம்புகிறது. செயற்கை உரத்தை அவர் அறவே வெறுத்தார். காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வழியை ஹேபர் என்னும் ஜெர்மானியர் 1909-ஆம் ஆண்டில் கண்டார். 1913-ஆம் ஆண்டில் பாஷ் என்பவர் அதனைப் பெரிய தொழிலாக்கினார். இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு அவ்வழியால் விளைகிறதென்று அறிஞர் கணக்கிடுகின்றனர். 45 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை யூரியாவிலுள்ள தழைச்சத்தைத் தொழு உரத்திலிருந்து பெற வேண்டுமாயின், ஏறக்குறைய நான்கு டன் எரு வேண்டும். அதிலும் முதலாண்டில் பயிருக்குக் கிட்டுவது ஒரு பகுதியே. பசித்த வயிற்றின் முன் இக்கணக்கை மறைத்தல் நேர்மையாகாது.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணின்மேல் யூரியாவைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருந்தால், அதில் ஒரு பங்கு அம்மோனியாவாய்க் காற்றிற் பறந்துவிடும். பெருமழை பெய்து நீர் தேங்கினாலோ, நைட்ரேட்டு மீண்டும் வாயுவாகி மறையும். எருவிலுள்ள சத்தோ நுண்ணுயிரின் உடலிலும் மக்கிலும் தங்கி, சிறுகச் சிறுக வெளிப்படும். அன்றியும் மக்கு மண்ணைப் பொலபொலப்பாக்கி, மழைநீரை உள்வாங்கச் செய்கிறது. வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பி விதைக்கும் பசுவந்தனை உழவனுக்குத் தழைச்சத்தினும் அரிய பொருள் ஈரம். மூட்டையிலுள்ள உப்பு ஈரத்தைக் காத்துத் தராது. ஆகவே மூட்டையை முற்றும் விலக்கினாலும் எருவை முற்றும் மறந்தாலும் கரிசலுக்கு நட்டமே. எருவை அடிப்படையாக இட்டு, குறைவதை அளவோடு மூட்டையால் நிரப்புதலே இன்றைய வேளாண் அறிஞர் காட்டும் நடுவழி.

இன்று நம் ஊர்களில் அடுப்புகளுக்கு எரிவாயு வந்துவிட்டது; எருவாட்டியின் தேவை குறைந்தது. ஆனால் உழவுக்கு டிராக்டர் வந்தபின் தொழுவங்களில் மாடுகளும் குறைந்தன. சாணம் அடுப்பினின்று மீண்டபோது, சாணம் தரும் மாடு ஊரினின்று நீங்கிற்று. இந்நிலையில் எஞ்சியிருக்கும் வழிகள் ஒவ்வொன்றும் அருமையாகின்றன. அறுவடையான நிலத்தில் இரவு முழுவதும் செம்மறி மந்தையைக் கிடை அமர்த்தினால், புழுக்கையும் மூத்திரமும் ஒருங்கே மண்ணிற் சேரும். ஹோவர்டு பாடுபட்டுத் திரட்டிய மூத்திர மண் இங்கே தானே அமைகிறது. ஊடுபயிராகும் உளுந்தும் பாசிப்பயறும் வேர்முடிச்சால் காற்றின் சத்தைக் கொணர்கின்றன. கொளுத்தப்படும் பருத்திமாரும் தட்டையும், மழைக்காலத்துக் களைகளோடும் கிடைத்த சாணத்தோடும் குழிபுகுந்தால், அடுத்த பட்டத்திற்கு எருவாகும். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்று இன்றும் நடைபெறும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசல் உழவருக்கு அண்மையிலேயே உள்ளது. கல்லூரியிற் கற்று ஊர் திரும்பும் இளைஞர், அந்நிலையத்தாரின் அறிவையும் தம் பாட்டனாரின் அனுபவத்தையும் ஒருங்கே கேட்டு நடப்பாராயின், அதுவே ஹோவர்டு நடந்த பாதை.

வேதாகமத்திலே கனிகொடாத அத்திமரம் ஒன்றின் உவமை உண்டு. மூன்றாண்டு கனியில்லாமையால் அதனை வெட்டிவிடுமாறு எஜமான் கட்டளையிடுகிறான். தோட்டக்காரனோ, இன்னும் ஓராண்டு பொறுக்குமாறு வேண்டி, அதனைச் சுற்றிக் கொத்தி எருப்போடத் தவணை கேட்கிறான். பயனற்றதென்று பிறர் கைவிட்ட ஒன்றுக்காக வாதாடுதலும், வாதாடியபின் கையில் எருக்கூடையை ஏந்துதலும் அத்தோட்டக்காரனின் இரு குணங்கள். ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு இளைத்த மண்ணுக்காக வாதாடினார்; எருக்கூடையையும் ஏந்தினார். விளைச்சலை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் மண்ணுக்குரியதை மண்ணுக்கு மீட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே அன்னார் வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடம்.